காப்புக் கட்டிய ரப்பர் கை

பினாங்கில் இறங்கிய அன்றே ஒரு பேராசிரியை சுத்தியலை ஓங்கி என் கைமேல் போட்டார்.

நான் அலறிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சரிந்தேன். மேசைமேல் அடிபட்டுக் கிடந்தது ரப்பர் கை. என் சொந்தக் கை ஒரு பலகைக்கு அப்பால் மறைவில் சுகமாக இருந்தது. இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஆளை உட்காரவைத்து, வலது கையைப் பலகைக்குப் பின்னால் ஒளித்து, கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் தூரிகையால் வருடினால் போதும். கொஞ்ச நேரத்தில் மூளை ஏமாந்து, ரப்பர்தான் தன் கை என்று நம்பிவிடும். வருடக்கணக்காக இதை ஊராருக்குச் செய்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்ட நானே விழுந்தேன் என்பதை அன்று முழுக்க என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

“இங்கே சேர வருகிற எல்லாரும் முதலில் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும். உட்காராதவர்கள் பிறரை உட்காரவைக்கக் கூடாது,” என்றார் பேராசிரியர் சியா. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. ஆங்கிலத்தில்தான் பேசினார், கோபமா கேலியா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். சுத்தியலைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, எனக்கு வெந்நீர் கொடுத்தார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு நம்முடையதுதான் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? அதுதான் என் துறை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் “அப்படியா” என்பார்கள், அடுத்த மூச்சில் “எப்ப பர்மனென்ட் ஆகும்?” என்பார்கள். பெங்களூரில் நான் பார்த்த வேலை தற்காலிகம். அதற்கு முன் பார்த்ததும் தற்காலிகம். டிசம்பரோடு அதுவும் முடிந்துவிட்டது. எங்கள் துறையில் நிரந்தர வேலை என்பது கல்யாண வீட்டு முதல் பந்தி. உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். பேராசிரியர் சியா ஒரு பெரிய திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் எனக்கு மூன்று வருட வேலை. இந்த வாரம் அதற்கான வெள்ளோட்டம். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு நீட் பயிற்சி நிலையம் உயிரியல் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வாரக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி நிர்வாகி தினமும் குறுஞ்செய்தி அனுப்பினார்.

அந்தத் திட்டம் இதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு பழைய கட்டுரையின்மேல் நின்றது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருப்பவர்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். விரத நாட்களில் ரப்பர் கை அவர்களை ஏமாற்றவே இல்லை. பூசம் முடிந்து விரதம் விட்ட பிறகு, அதே ஆட்கள் எல்லாரையும்போல் ஏமாந்தார்கள். ஆக, விரதம் உடம்பைப் பற்றிய உணர்வைக் கெட்டிப்படுத்துகிறது என்று எழுதினார்கள். நான் அதைப் படித்துப் படித்துத் தாளே நைந்துவிட்டது. உலகமெங்கும் எங்கள் ஆட்கள் கல்லூரி மாணவர்களின் கையையே வருடிக்கொண்டிருக்கும்போது, முருக பக்தனின் கையை வருட ஒருவருக்குத் தோன்றியதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை லிட்டில் இந்தியாவில் தோசை கேட்டேன். சாம்பாருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு மீன் சம்பலை ஊற்றினார் கடைக்காரப் பெண். காலை ஏழரை மணிக்கு, தோசைக்கு, மத்தி மீன். கோயம்புத்தூரில் இதைச் சொன்னால் என் அம்மா மூன்று நாள் என்னோடு பேச மாட்டார். நான் திகைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “பசியாறுங்கக்கா, ஆறிப்போய்டும்லா,” என்றார். பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவது இந்த ஊர் வழக்கம். ஒரு வாய் வைத்தேன். பிறகு இன்னொரு தோசை சொன்னேன். எவ்வளவு என்று கேட்டால் “ஆறு வெள்ளி” என்கிறார்கள். ரிங்கிட்டுக்கு இங்கே அதுதான் பெயர். முதல்முறை கேட்டபோது என் கை தன்னால் கால் மெட்டியைத் தொட்டுப் பார்த்தது.

பேருந்தில் இன்னொரு கூத்து. ஜன்னலோரம் இடம் பிடித்து, நடத்துநர் வருவார் என்று சாவகாசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். மறுபடி, குரலை உயர்த்திச் சொன்னார். பின்னாலிருந்த பெண் என் தோளைத் தட்டி, “அக்கா, முன்னால போய் பெட்டியில காசு போடணும். இங்க ஆளெல்லாம் வரமாட்டாங்க,” என்றாள். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்று அவளிடம் சொன்னேன். “சும்மாவா?” என்று இப்போது அவள் அதிர்ந்தாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் குமரன் அண்ணே. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். வருடா வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். பழைய ஆய்விலும் உட்கார்ந்தவர் என்பதால் பேராசிரியர் அவரையே வரவழைத்திருந்தார். நான் தூரிகையைப் பிடித்தேன். அவர் ரப்பர் கையைப் பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, ‘உங்கள் வலது கை எங்கே இருக்கிறது’ என்று இடது கையால் மேசைக்கு அடியில் காட்டச் சொன்னேன். அச்சு அசலாக உண்மையான இடத்தைக் காட்டினார். பேராசிரியர் சுத்தியலைப் போட்டார். குமரன் அண்ணே கொட்டாவி விட்டார்.

எனக்குப் புல்லரித்தது. முந்தின நாள் நாற்காலியோடு சாய்ந்தவள் நான். இந்த மனிதர் அசையக்கூட இல்லை.

“விரதம் இருக்கறதால இப்படியாண்ணே?” என்றேன்.

“தெரியலலா. அது ரப்பருதானே. எங்க கிலாங்ல வந்து பாருங்க, இதே மாதிரி கை மழையா கொட்டும். நம்ம சரஸக்காவும் அங்கதான் இருக்காங்க.”

கிலாங் என்றால் இங்கே தொழிற்சாலையாம். சரஸக்கா என்றால் யார் என்று கேட்டேன். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர், டாக்டர் சரஸ்வதி. நான் இத்தனை நாள் அவர் ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்தில் பேராசிரியராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறார் என்றதும் நெஞ்சில் ஓர் அடி விழுந்தது.

அடுத்த நாள் படகில் பட்டர்வொர்த் போய் இறங்கினேன். குமரன் அண்ணே தன் காடியில் காத்திருந்தார். காரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். லாரிகளுக்கு நடுவே புகுந்து பிறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தொழிற்சாலையில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேலே ஓடும் சங்கிலியில் வெள்ளைப் பீங்கான் கைகள் விரல்கள் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டு வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். ஒரு தொட்டியில் எல்லாம் சேர்ந்து முங்கின, எழுந்தன, அடுப்புக்குள் போயின, நீல நிறத் தோலோடு வெளியே வந்தன. மறுமுனையில் தோலை உரித்து எடுத்தார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அது யாருடையது என்று ஆயுளைக் கழித்தவள். இங்கே யாருக்கும் சொந்தமில்லாத கைகள் கூட்டம் கூட்டமாக நகர்கின்றன, யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மோனியா வாடையும் வெக்கையும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. குமரன் அண்ணே என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

சரஸக்கா தலையில் வலைத்தொப்பியோடு வந்தார். கையுறைகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

“அந்தக் கட்டுரைய எழுதினது நீங்கதானாக்கா?” என்றேன்.

“ஆமாலா. ஏன், செத்துப் போய்ட்டேன்னு நெனச்சீங்களா?”

சிரித்துக்கொண்டே உணவகத்துக்கு அழைத்துப்போனார். அவருக்கு மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், எனக்கும் மீ கோரெங், விரதக்காரருக்குப் பால் இல்லாத காப்பி. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கத்தான் என் நாக்கு துடித்தது. அவரே சொன்னார்.

“லேப்ல ஒவ்வொரு வருஷமும் கான்ட்ராக்ட் வருமா வராதான்னு சாமி கும்பிடணும். வீடு வாங்கலாம்னு பேங்குக்குப் போனா, என்ன வேலைன்னு கேக்கறான். மூளை ஏமாறுதான்னு பாக்கறேன்னு சொன்னா லோன் தருவானா? இங்க ஓட்டை இருக்கா பாக்கறேன்னு சொன்னேன். உடனே குடுத்துட்டான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சோதனைகளைக் கை தேர்ந்த சமையல் என்று நினைப்பவள் நான். அதனால் எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது, மேசைமேல் முள்கரண்டியை ரப்பர் கையாக வைத்துக்கொண்டு விளக்கினார். வருடும் வேகம், பலகையின் உயரம், தோளிலிருந்து போர்த்தும் துணி.

“மோதிரம், வாட்ச், வளையல் எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவேன். ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கணுமில்ல? அதுல மட்டும் நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

எதிரில் குமரன் அண்ணே காப்பியைத் தூக்கிக் குடித்தார். அவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் முடிந்த மஞ்சள் துண்டு. விரதம் தொடங்கும்போது கோயிலில் கட்டிய காப்பு.

முந்தின நாள் அந்தக் கையை வருடியதே நான்தான். அப்போது அது என் கண்ணில் படவே இல்லை.

“காப்பு?” என்றேன்.

“காப்ப எப்படிலா கழட்டச் சொல்றது? பூசம் முடிஞ்சுதானே...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கையில் முள்கரண்டி அப்படியே இருந்தது.

விரத நாளில் சொந்தக் கையில் காப்பு இருக்கிறது, ரப்பர் கையில் இல்லை. பூசம் முடிந்தால் இரண்டிலும் இல்லை. ஏமாறாததற்குக் காரணம் விரதமே அல்ல, மஞ்சள் கயிறாக இருக்கலாம். தன் காப்பு இல்லாத கையை எந்த பக்தன் தன் கை என்று நம்புவான்?

“கட்டுரையில எழுதலையாக்கா?”

“எதை எழுதறது? நான் பாக்கவே இல்லலா,” என்றார் சரஸக்கா. “எங்கண்ணனும் காவடி எடுக்கறவருதான். அவரு கையில வருஷா வருஷம் பாக்கறது. நெத்தியில திருநீறு இருக்குன்னு யாராச்சும் எழுதுவாங்களா?”

வேற்று ஆள் யாராவது செய்திருந்தால் முதல் நாளே கழற்றச் சொல்லியிருப்பார்கள், அல்லது இது என்ன கயிறு என்று கேட்டுக் குறித்து வைத்திருப்பார்கள். தமிழச்சியாகப் போனதால் அவருக்கும் எனக்கும் அது கயிறாகவே தெரியவில்லை. தைப்பூசம் பார்த்தே வளர்ந்த பேராசிரியருக்கும் அப்படித்தான் போலும்.

சரஸக்கா முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு அவர், “அந்தப் பேப்பர் வந்தப்ப எங்கப்பா அதைக் காப்பிக்கடையில ஒவ்வொரு மேசையா காட்டினாரு. நான் படிச்சதுக்கு மிச்சம் அது ஒண்ணுதான்,” என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “சொல்லிருங்க. மறைச்சு வச்சா நாளைக்கு வேற யாராச்சும் சொல்லுவாங்க.”

திரும்பும் படகில் நான் நல்லவளாக இருக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். சொல்லாமல் இருந்தால் மூன்று வருட வேலை, சொன்னால் நீட் வகுப்பு. விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. வேலையில் சேர்ந்து, ஆற அமரக் கண்டுபிடித்ததுபோல் காட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். காற்று முகத்தில் அடித்தது, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மீ கோரெங் மேசையில் ஏன் நிமிர்ந்து பார்த்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பேராசிரியரின் வெந்நீரும் நினைவுக்கு வந்தது. முதல் நாளே என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது எதற்காக என்றும் யோசித்தேன். படகு கரை சேர்ந்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, நாளை இன்னொரு சோதனை செய்யலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். “குமரனைக் காலையில் வரச் சொல்கிறேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை லிட்டில் இந்தியாவில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் வாங்கிக்கொண்டு போனேன். பேராசிரியர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமரன் அண்ணே வந்ததும் நான் கயிற்றை ரப்பர் கையில் சுற்றப் போனேன். அவர் பதறி என் கையைத் தள்ளினார்.

“என்னம்மா இது, பேண்டேஜா? கண்டபடி கட்டக்கூடாது.”

அவரே வாங்கி, கிழக்கே திரும்பி நின்று, வாய்க்குள் வேலவனைக் கூப்பிட்டுக்கொண்டு ரப்பர் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். “கட்டியாச்சு. இனிமே பூசம் முடிஞ்சுதான் இத அவுக்கணும். மேடத்துகிட்ட சொல்லிடுங்க,” என்றார். நான் சொன்னேன். பேராசிரியர் தலையசைத்தார்.

வருடினேன். இம்முறை அவர் முகம் மெல்ல மாறியது. முதலில் புருவம் சுருங்கியது, பிறகு ரப்பர் விரல்களையே பார்க்கத் தொடங்கினார். கண்ணை மூடிக் கையைக் காட்டச் சொன்னேன். அவருடைய இடது கை மேசைக்கடியில் நகர்ந்து, சொந்தக் கையை விட்டுவிட்டு, ரப்பர் கைக்கு நேர் கீழே போய் நின்றது.

பேராசிரியர் சுத்தியலை ஓங்கினார். அது விழுவதற்குள் குமரன் அண்ணே ரப்பர் கையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுத்தியல் வெறும் மேசையில் விழுந்தது.

“காப்புக் கட்டின கைய அடிக்கலாமா மேடம்?” என்றார். பிறகு தான் பிடித்திருப்பதைக் குனிந்து பார்த்து, திகைத்துப்போய், அதை மேசையில் வைக்க மனமில்லாமல் வைத்தார்.

அவர் போன பிறகு பேராசிரியர் சுத்தியலைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தார். “அவர் காப்பாற்றியது கையையா, காப்பையா?” என்றார் கடைசியில். எனக்குத் தெரியவில்லை என்றேன். “எனக்கும் தெரியவில்லை. ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் முடிவு கட்டவும் முடியாது. ஆனால் என் விண்ணப்பத்தில் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன், மலர். உங்கள் வேலையும் அதற்குள்தான் இருந்தது.”

தெரிந்தே செய்த காரியம்தான். இருந்தும் கேட்டபோது காது அடைத்துக்கொண்டது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன், மழுப்புவார் என்றும் எதிர்பார்த்திருந்தேன். ஒரு நிமிடத்தில் தன் பல வருட உழைப்பை இப்படித் துடைத்து வைப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை சென்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் வாங்கிக்கொடுத்தார். பச்சையும் கறுப்புமாகக் குளிர்ந்து கிடந்தது. அறைக்கு வந்ததும் பயிற்சி நிலைய நிர்வாகிக்கு ‘சேருகிறேன் சார்’ என்று அனுப்பிவிட்டு அழுதேன்.

விமான நிலையத்துக்குக் குமரன் அண்ணேதான் கொண்டுவந்து விட்டார். பாதி வழியில், “அந்தக் கைய இப்ப எங்க வச்சிருக்காங்க?” என்றார்.

“அலமாரியில வச்சுப் பூட்டுவாங்கண்ணே. வழக்கம் அதுதான்.”

“அலமாரியிலயா?” அவர் காடியை ஓரமாக நிறுத்தியே விட்டார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விட்டுட்டு வந்த மாதிரியே இருக்குலா. ராத்திரி சாப்பிடறப்பகூட அப்படித்தான் இருந்துச்சு.” எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னது ரப்பர் கையைப் பற்றி அல்ல என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கோயம்புத்தூரில் இறங்கிக் கைப்பேசியை உயிர்ப்பித்ததும் பேராசிரியரின் செய்தி வந்தது. ரப்பர் கையின் படம். மேசைமேல், காப்போடு, வெளிச்சத்தில். கீழே எழுதியிருந்தார்: ‘குமரன் தொலைபேசியில் சத்தம் போட்டார். அலமாரியில் வைக்கவில்லை. பூசம் முடிந்ததும் அவர் வந்து அவிழ்ப்பார். அவிழ்ப்பதற்கு முன்னும் பின்னும் அவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். சரஸ்வதி விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறார். என்னிடம் சம்பளம் தர எதுவும் இல்லை, பயணச்சீட்டு மட்டும் வாங்கித்தர முடியும். வருகிறீர்களா?’

பயிற்சி நிலையத்தில் சேர்ந்த வாரமே விடுப்புக் கேட்டு நிர்வாகியின் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள லீவா? என்ன விசேஷம்?”

“மலேசியாவுல ஒரு காப்பு அவுக்கணும் சார்.”

“காப்பா? யாரு கையில?”

இத்தனை வருடமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதே கேள்வியைத்தான்.

“அதப் பாக்கத்தான் சார் போறேன்,” என்றேன்.